சுவரோரம் நிற்கும் வண்டி

உக்காருங்க டிரைவர். அது ஆடுற நாற்காலி, இந்தப் பக்கம் வந்து உக்காருங்க. சாவியை விரல்ல மாட்டிச் சுத்திக்கிட்டே நின்னா வண்டி வெளிய வந்துடுமா? வராது. நீங்களே பாத்தீங்க இல்ல. அதோ சுவத்தை ஒட்டி நிக்குது பாருங்க செவப்பு வண்டி, அதான் நீங்க எடுக்க வந்தது. அதுக்கு முன்னாடி வெள்ளை வண்டி, பாஸ்கரனோடது. அதுக்கும் முன்னாடி சாம்பல் வண்டி, நூருல்லா சாரோடது. தெரு ஆரம்பத்துல இருபதடி, எங்க வீட்டுக்கிட்ட வரும்போது ஒன்பதடி ஆயிடும். பக்கத்துல இன்னொரு வண்டி ஒதுங்க முடியாது. பின்னாடி ரயில்வே சுவர். செவப்பு வண்டி றெக்கை கட்டிப் பறந்தாத்தான் உண்டு.

அவங்க ரெண்டு பேரும் எப்ப வருவாங்கன்னு கேளுங்க, சொல்றேன். ரெண்டு பேருமே எலெக்ட்ரிக் டிரெயின்ல வேலைக்குப் போறவங்க, காரைத் தொடுறது ஞாயித்துக்கிழமை மட்டும்தான். பாஸ்கரன் ஏழு இருபத்தஞ்சுக்கு வீட்டுக்கு வருவார். நூருல்லா ஏழரை. முன்னப்பின்ன ரெண்டு நிமிஷம். இப்ப மணி நாலு பதினெட்டு. போன் போட்டா பாஸ்கரன் எடுக்க மாட்டார், மீட்டிங்ல இருப்பார். எடுக்க மாட்டார்னு எனக்கு அனுபவத்துல தெரியும். அதை அப்புறம் சொல்றேன்.

என்ன பேரு சொன்னீங்க? மோசஸா. நல்லது. ஆக்டிங் டிரைவர் வேலைன்னா கஷ்டம்தான், அடுத்தவங்க வண்டி, அடுத்தவங்க அவசரம். வேதவல்லி அம்மா அனுப்பினாங்கன்னு சொன்னீங்க. வேதவல்லின்னா என் வீட்டுக்காரி. எனக்கு ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். பரவால்ல. வண்டி, ஆர்.சி. புக், ரெண்டாவது சாவி, மூணும் வாங்கிட்டு வரச் சொன்னாங்கன்னீங்க. ஆர்.சி. புக் தரேன், வண்டியோட இருக்க வேண்டியது, சட்டம். ரெண்டாவது சாவி எதுக்கு? ஓட்டுறதுக்கு ஒண்ணு போதாதா? ஏதோ நெனப்புல சேத்துச் சொல்லியிருப்பா. வண்டி எப்படியும் திரும்பி வரப்போவுது இல்ல.

அந்தப் பலகையை ஏன் பாக்கறீங்க? அது சாவிப் பலகை. அதையும் அப்புறம் சொல்றேன். எல்லாத்தையும் வரிசையாச் சொன்னாத்தான் விளங்கும்.

நான் டைம்கீப்பர். ஏகாம்பரம்னா இந்தப் பக்கத்துல யாருக்கும் தெரியாது, டைம்கீப்பர்னா தெரியும். முப்பத்திரண்டு வருஷம் பஸ் டிப்போவுல. எங்க டிப்போவுல நூத்திப் பத்து பஸ், இடம் எழுபதுக்குத்தான். எப்படி நிறுத்துவீங்க? ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு மூக்கு இடிக்கிற மாதிரி நிறுத்தணும். அப்ப உள்ள மாட்டுன பஸ் எப்படி வெளிய போகும்? அங்கதான் டைம்கீப்பர் வர்றான். காலைல முதல் நடை மூணு அம்பது, அந்த பஸ் கேட்டை ஒட்டி நிக்கணும். அடுத்தது மூணு அம்பத்தஞ்சு, அது அதுக்குப் பின்னாடி. முதல்ல கிளம்புறது முன்னால, கடைசியில கிளம்புறது உள்ள. அவ்வளவுதான் சூத்திரம். ஒரு பஸ் தப்பா நின்னா முப்பது பஸ் நாசம். என் காலத்துல ஒரு நாள் கூட முதல் நடை தவறினதில்ல.

இன்னொண்ணு. ரெஜிஸ்டர்ல ரெண்டு கட்டம் இருக்கும், கிளம்புன நேரம், திரும்புன நேரம். திரும்புன கட்டம் ஒண்ணு காலியா இருந்தாக் கூட ரெஜிஸ்டரை மூடக் கூடாது. கடைசி பஸ் உள்ள வர்ற வரைக்கும் டைம்கீப்பர் நாற்காலியை விட்டு எந்திரிக்கக் கூடாது. அது எழுதின விதி இல்ல, ஆனா அப்படித்தான்.

சரி, தெருவுக்கு வரேன். நாங்க இந்தத் திருமகள் நகருக்கு வரும்போது இந்த நாலாவது குறுக்குத் தெருவுல பதினோரு மனை, பதினோரு வீடு. மழை பேஞ்சா சைக்கிளைத் தோள்ல தூக்கிக்கிட்டு ஸ்டேஷனுக்கு நடப்போம். கார் நிறுத்த எடம் விட்டுக் கட்டலாம் சார்னு மேஸ்திரி சொன்னான். நான் சிரிச்சேன். யாருக்குய்யா கார்னு கேட்டேன். அதான் எங்க கேட்டு மூணரை அடி. இப்ப பதினொண்ணுல நாலு மனை அடுக்குமாடி ஆயிடுச்சு, மனைக்கு எட்டு வீடு. கீழ கார் நிறுத்துற இடம்னு பிளான்ல காட்டிட்டு, அதையும் சுவர் வச்சுத் தடுத்து ஒரு வீடா வித்துட்டாங்க. ஆக முப்பத்தொன்பது வீடு, நாப்பத்தி மூணு வண்டி. தெரு அதே தெரு. அது என்ன ரப்பரா, இழுத்து நீட்டறதுக்கு?

அப்புறம் என்ன, சண்டைதான். என் வீட்டு முன்னாடி இருக்கிற ரோடு என் ரோடுன்னு ஆளாளுக்கு ஆரம்பிச்சாங்க. ஒருத்தர் ஆட்டுக்கல்லைக் கொண்டாந்து நடுரோட்டுல வச்சார். ஒருத்தர் செத்துப்போன ஸ்கூட்டரைப் படுக்கப் போட்டார். ஒரு அம்மா சிமெண்ட் தொட்டியில துளசியை நட்டு வச்சாங்க. துளசியை எவன் நகத்துவான்? பாவம் பாத்து விட்டுடுவான்னு கணக்கு. பாஸ்கரனும் நூருல்லாவும் தீபாவளிக்கு முந்தின நாள் ஒருத்தர் சட்டையை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டாங்க. மறுநாள் பாத்தா நூருல்லா வண்டியில நாலு டயர்லயும் காத்து இல்ல. யாரு பண்ணதுன்னு எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

அப்பதான் நலச்சங்கக் கூட்டம் போட்டு என்னைச் செயலாளர் ஆக்கினாங்க. நான் ஒரே வாரத்துல தெருவை டிப்போ ஆக்கிட்டேன். கறுப்பு அட்டை ரெஜிஸ்டர் ஒண்ணு வாங்கினேன், இதோ, இதான். தினம் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள ஒவ்வொரு வீட்டுக்காரரும் நாளைக்குக் கிளம்புற நேரமும் திரும்புற நேரமும் சொல்லணும். நகராத வண்டிக்கு ரெண்டு கட்டத்துலயும் கோடு. நான் வரிசை போட்டு வாட்ஸாப்புல அனுப்பிடுவேன். குரூப்புக்கே ‘பார்க்கிங் மட்டும்’னு பேரு வச்சேன், அதுலயும் காலைல முருகர் படம் போடுறாங்க, அது வேற விஷயம். முதல்ல கிளம்புறது மெயின் ரோட்டுப் பக்கம், கடைசியில கிளம்புறது சுவத்துப் பக்கம். நாப்பத்தி மூணு வண்டியும் அடங்கிடுச்சு டிரைவர். ஆட்டுக்கல் ஆட்டுக்கல்லா வீட்டுக்குள்ள போச்சு. துளசி மாடத்துக்குப் போச்சு. மூணாவது தெருவுலேருந்து, அஞ்சாவது தெருவுலேருந்து வந்து பாத்துட்டுப் போனாங்க. பொங்கலுக்குப் பொன்னாடை போத்தினாங்க.

ஏமாத்துறவன் இல்லாம இருப்பானா? ஐ.டி. கம்பெனிக்காரர் ஒருத்தர், கிஷோர்னு, கிளம்புறது எட்டரைக்கு. முன்னாடி இடம் வேணும்னு ஆறு மணின்னு எழுதிட்டார். காலைல அஞ்சு அம்பதுக்கு அவர் வீட்டு பெல்லை அடிச்சேன். சார், உங்க வண்டி நேரம்னேன். ஒன்பது நாள் அடிச்சேன். பத்தாம் நாள்லேருந்து அவரே ஆறு மணிக்குக் கிளம்பிடறார். ஆபீஸ்ல செக்யூரிட்டி தவிர யாரும் இருக்க மாட்டாங்களாம், தனியா உக்காந்திருக்காராம். எழுதின நேரத்துக்குக் கிளம்பணுமா இல்லையா? நியாயம்னா நியாயம்தான்.

தண்ணி குடிங்க. காப்பி போடலாம்னா தூள் எங்க இருக்குன்னு தெரியல. பத்தொன்பது நாளாத் தேடறேன்.

இந்த சுவத்தோர இடம் இருக்கே, அது யாருக்கும் வேணாம். உள்ள மாட்டினா மாட்டினதுதான், முன்னால ஞாயித்துக்கிழமை வண்டிங்க ரெண்டும் நாள் முழுக்க நிக்கும். கூட்டத்துல எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. யாராவது ஒருத்தர் போயித்தானே ஆகணும்? நான் எந்திரிச்சு, செயலாளர் வண்டியே சுவத்தோரம் நிக்கட்டும்னு சொன்னேன். கை தட்டினாங்க டிரைவர். இன்னிக்கும் காதுல கேக்குது. வேதவல்லியும் அந்தக் கூட்டத்துல ரெண்டாவது வரிசையில உக்காந்திருந்தா. அவ தட்டினாளான்னு நான் பாக்கல.

செயலாளர் வண்டின்னு சொல்றேனே ஒழிய, வண்டி அவ பேர்லதான். அரசாங்க ஆஸ்பத்திரியில ஸ்டாஃப் நர்ஸா இருந்தா. ரிட்டையர் ஆனதும் அவ வாங்கினது. அம்பத்தெட்டு வயசுல டிரைவிங் ஸ்கூல்ல போய்ச் சேந்தா. இந்த வயசுல எதுக்கு வம்புன்னு கேட்டேன். ராத்திரி டியூட்டிக்குப் போகவும் வரவும் முப்பது வருஷம் அடுத்தவங்க வண்டிக்கே காத்திருந்தாச்சு, இனிமே நான் நெனச்சப்ப நான் போவேன்னா. போகட்டும்னு விட்டுட்டேன். எனக்கு ஓட்டத் தெரியாது. சிரிக்காதீங்க. நூத்திப் பத்து பஸ்ஸுக்கு நடுவுல இருந்திருக்கேன், ஸ்டியரிங்கைத் தொட்டதில்ல. டைம்கீப்பருக்கு அது வேலை இல்ல.

வியாழக்கிழமை வியாழக்கிழமை காலைல ஒன்பதரைக்குக் கிளம்புவா. மதுராந்தகம் தாண்டி ஒரு கிராமத்துல லில்லின்னு அவளோட ஃப்ரெண்டு, கூட நர்ஸிங் படிச்சவ, தனிக்கட்டை. அந்தம்மா வீட்டு வாசல்ல வயசானவங்களை உக்கார வச்சு பிரஷர் பாக்கறது, சக்கரை பாக்கறது, புண்ணுக்குக் கட்டுப் போடறது. இவளும் போய்க் கூட நிப்பா. சாயங்காலம் அஞ்சரைக்குத் திரும்புவா. திரும்பி வரும்போது ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கிட்டே கேட்டைத் திறப்பா. மத்த நாள்ல அவ பாடி நான் கேட்டதில்ல.

கூட்டம் முடிஞ்ச அன்னிக்கே கேட்டா, அப்ப வியாழக்கிழமைன்னு. பஸ் இருக்கேன்னேன். எங்க டிப்போ பஸ்ஸே அந்தப் பக்கம் போவுது. அவளுக்கு முழங்கால் வலி, மூணு பஸ் மாறணும், வாஸ்தவம்தான். வாரத்துக்கு ஒரு தடவை மாசத்துக்கு ஒரு தடவை ஆச்சு. அப்புறம் போன்லயே பேசிக்கிட்டாங்க. ரெண்டு தடவை இந்த ரெஜிஸ்டரைப் பாத்துச் சொன்னா, என் பேரையும் எழுதுங்க, வியாழன் ஒன்பதரைன்னு. எப்படி எழுத முடியும்? விதி ஆறு. வேலைக்குப் போறவங்க முதல்ல, அடுத்து பள்ளிக்கூடம், அடுத்து ஆஸ்பத்திரி. அவ போறது இதுல எதுல சேத்தி? பாக்கறதும் ஓசி. வேலைன்னு எழுதினா நாலு பேர் கேள்வி கேப்பான். அதனால நம்ம வண்டிக்கு தினம் கோடுதான். ஏழு மாசம். ரெண்டு கட்டத்துலயும் கோடு. பாருங்க, எவ்வளவு நேராப் போட்டிருக்கேன்.

இப்ப சாவிப் பலகை. ஞாயித்துக்கிழமை வண்டிக்காரங்க ஒரு சாவியை என்கிட்ட குடுத்து வச்சிருக்காங்க. அவங்க ஊருக்குள்ள வேலையில இருக்கும்போது தீப்பிடிச்சா, ஏதாவது ஒண்ணுன்னா, வண்டியை நகத்தணுமில்ல? ஒரு தடவை யாரோ ஒருத்தரோட மச்சினன் வந்து கேட்டான், நான் நம்பி எடுத்துக் குடுத்தேன், பாஸ்கரன் வண்டி கதவை ஒரு முழத்துக்குக் கோடு இழுத்துட்டுப் போயிட்டான். பாஸ்கரன் ஒரு வாரம் என்கிட்ட பேசல. அப்ப போட்டதுதான் விதி ஒன்பது. வண்டிக்காரர் வாயால சொல்லாம சாவி பலகையை விட்டு இறங்கக் கூடாது. கூட்டத்துல படிச்சுக் காட்டினேன். ஒரே ஒரு ஆள்தான் கேள்வி கேட்டது, அவசரம்னா என்ன பண்றதுன்னு. அது வேதவல்லி. அவசரத்துக்குத்தான் ஆம்புலன்ஸ் இருக்கேம்மான்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க.

அப்படி ஒரு நாள் வந்துச்சு. செவ்வாய்க்கிழமை. காலைல ஒன்பது பன்னண்டுக்குப் போன். லில்லிக்குப் பக்கத்து வீட்டம்மா. லில்லிக்கு மூச்சு முட்டுது, ஆம்புலன்ஸ் வந்து நிக்குது, ஏற மாட்டேங்குது, வேதா வரட்டும், வேதா வந்து பாத்துச் சொன்னாப் போறேங்குதுன்னு. நர்ஸுங்க அப்படித்தான் டிரைவர், ஊரை எல்லாம் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க, தான் போக மாட்டாங்க.

வேதவல்லி பையும் கார் சாவியுமா வெளிய வந்தா. நீங்க இப்ப உக்காந்திருக்கிற இடத்துலதான் நின்னா. அந்த ரெண்டு சாவியையும் குடுங்க, நானே ரெண்டு வண்டியையும் வெளிய எடுத்து, நம்ம வண்டியை எடுத்துட்டு, அதுங்களைப் பழையபடி விட்டுட்டுப் போறேன், பத்து நிமிஷம்னா. அவ பண்ணுவா. என்னைவிட நல்லாத் தெரியும். ஒரு வார்த்தை கேட்டுடறேன்னு போனை எடுத்தேன். நூருல்லா ரெண்டாவது மணிக்கே எடுத்தார். எடுத்துக்கச் சொல்லுங்க சார், இதையெல்லாம் கேப்பாங்களான்னார். பாஸ்கரன் எடுக்கல. ஒன்பது இருபதுக்கு அடிச்சேன். முப்பத்தொண்ணுக்கு அடிச்சேன். நாப்பத்தி நாலுக்கு அடிச்சேன். அவர் சம்சாரம் ஊர்ல இல்ல. பத்து அஞ்சுக்கு அடிச்சேன்.

அவ நின்னுக்கிட்டே இருந்தா.

ஒண்ணு சொல்றேன் கேளுங்க. அவ கை நீட்டினா எடுத்திருக்கலாம். ஆணியிலதானே மாட்டியிருக்கு, பூட்டா போட்டிருக்கேன்? நான் என்ன மல்லுக்கா நிக்கப் போறேன்? எடுக்கல. என் முகத்தைப் பாத்துக்கிட்டு நின்னா. நான் குடுப்பேன்னு நின்னா. ஒரு மணி நேரம். குடுக்கலாம்னுதான் எனக்கும் இருந்துச்சு, கை கூட ஒரு தடவை ஆணி வரைக்கும் போச்சு. ஆனா நாளைக்கு என்ன பேசுவாங்க? செயலாளர் பொண்டாட்டின்னா ஒரு விதி, ஊருக்கு ஒரு விதியா, மாமியார் உடைச்சா மண்குடமான்னு பேசுவாங்களா இல்லையா? பாஸ்கரன் வாய் எனக்குத் தெரியும்.

பத்து இருபதுக்கு செருப்பை மாட்டிக்கிட்டு நடந்தா. பத்து நாப்பத்தொண்ணுக்கு பாஸ்கரன் கூப்பிட்டார். மீட்டிங்ல இருந்தேன், என்ன சார் நீங்க, எடுத்துட்டுப் போகச் சொல்ல வேண்டியதுதானேன்னு என்னையே திட்டினார். மதுராந்தகத்துல பஸ் மாறும்போது அவளுக்குத் தகவல் வந்துடுச்சாம். லில்லி போயிடுச்சு.

அடக்கம் எல்லாம் முடிச்சுட்டு அஞ்சாம் நாள் வந்தா. சமைச்சா, துணி துவைச்சா, எல்லாம் வழக்கம் போல. ராத்திரி சாப்பிடும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டா. வேற வீட்டுப் பொம்பளை ஒருத்தி அப்படி வந்து நின்னிருந்தா குடுத்திருப்பீங்களான்னு. எனக்குப் பொய் சொல்ல வராது. வேற யாராவதுன்னா குடுத்திருப்பேன், நம்ம வீட்டுக்குத்தான் குடுக்க முடியாது, அதானே நியாயம்னு சொன்னேன். அவ மெதுவாத் தலையை ஆட்டினா. புரிஞ்சுக்கிட்டான்னு நெனச்சேன்.

அப்புறம் மூணு வாரம் ஒரு குறையும் இல்ல. ஒரு வியாழக்கிழமை காலைல எந்திரிச்சு வந்து ரெஜிஸ்டரைப் பிரிக்கறேன், அவ கையெழுத்து. இதோ பாருங்க. வேதவல்லி. கிளம்பும் நேரம் அஞ்சு பத்து. திரும்பும் நேரம், கோடு. பீரோவுல அவ துணி இல்ல. லில்லி வீடு பூட்டிக் கிடக்கு, அந்தக் கிழவன் கிழவிங்களை யாராவது பாக்கணுமில்லன்னு கிளம்பிட்டாளாம், அவ தம்பிதான் போன்ல சொன்னான். சரி, பாக்கட்டும், வேணாம்னு யார் சொன்னது? ஆனா இந்தப் பதிவு தப்பு டிரைவர். கோடுன்னா ரெண்டு கட்டத்துலயும் கோடு வரணும். ஒண்ணுல நேரம், ஒண்ணுல கோடு, அப்படி ஒரு பதிவே கிடையாது. முறை தெரியாம போட்டுட்டா. வந்தா திருத்திக்கலாம்னு அப்படியே விட்டு வச்சிருக்கேன்.

வண்டி ஸ்டார்ட் ஆகுமான்னு பயப்படாதீங்க. ஓட்டத்தான் தெரியாது, ஸ்டார்ட் பண்ணத் தெரியும். தினம் காலைல அஞ்சு பத்துக்கு உள்ள உக்காந்து பத்து நிமிஷம் ஓட விடறேன். பேட்டரி இறங்கிடக் கூடாதில்ல. சீட்டு அவ உயரத்துக்கு முன்னால இழுத்து வச்சது, என் முட்டி இடிக்கும். நகத்தல. அவ வந்தா மறுபடி சரி பண்ணணும், எதுக்கு.

மணி அஞ்சு பத்து. இன்னும் ரெண்டு மணி இருபது நிமிஷம். உங்களுக்குப் பசிக்குமே, முக்குல பஜ்ஜிக் கடை இருக்கு, போய்ட்டு வாங்க. என்ன, கையில சாப்பாடு இருக்கா? அது என்ன டப்பா, காட்டுங்க.

இது எங்க வீட்டு டப்பா. மூடி நெளிஞ்சிருக்கு பாருங்க, நான் டிப்போவுக்குக் கொண்டு போனது. இதுல எலுமிச்சம் சாதம் கட்டிக் குடுத்தாளா உங்களுக்கு? மத்தியானத்துக்கா? மத்தியானம் அங்கயே சாப்பிட்டுட்டுத்தான் கிளம்பினீங்களா? அப்ப இது எதுக்கு?

சொல்லுங்க. பரவால்ல, சொல்லுங்க.

ஏழரை வரைக்கும் உக்கார வேண்டியிருக்கும்னு சொன்னாளா. சாவி பலகையில இருக்கும், ஆனா கேக்காதீங்க, அவர் குடுக்க மாட்டார், பேசிக்கிட்டு இருப்பார், கேட்டுக்கிட்டு இருங்க, ராத்திரிக்கு இதைச் சாப்பிட்டுக்குங்கன்னு சொன்னாளா. இத்தனை நேரம் நீங்களும் ஒரு வார்த்தை கேக்கல. நான் கூட, நல்ல மனுஷன், மரியாதை தெரிஞ்சவர்னு நெனச்சேன்.

ஊறுகாய் கூட வச்சிருக்கா.

ஊர்ல நாப்பத்தி மூணு வண்டிக்கு நான் நேரம் போட்டு வச்சிருக்கேன். அவ எனக்குப் போட்டு வச்சிருக்கா டிரைவர். நான் எப்ப என்ன சொல்லுவேன், எதைக் குடுக்க மாட்டேன், எத்தனை மணி வரைக்கும் குடுக்க மாட்டேன்னு கணக்கா தெரிஞ்சு, அதுக்கு ஏத்த மாதிரி சாதம் கட்டியிருக்கா. கோபம் இருந்தாக் கூட ஒரு நம்பிக்கை இருக்கும்.

மூடுங்க அதை. எந்திரிங்க.

எந்திரிங்கன்றேன். இந்தாங்க, இது நூருல்லா சாவி. இது பாஸ்கரன் சாவி. கேக்கல. பாஸ்கரனை நான் கேக்கல. வந்து பேசட்டும், பேசினா கேட்டுக்கறேன், செயலாளர் வேணாம்னா ராஜினாமா எழுதிக் குடுத்துடறேன். முதல்ல சாம்பல் வண்டியை எடுத்து முக்குல வேப்பமரத்துக்கிட்ட விடுங்க. அடுத்து வெள்ளையை எடுத்து அதுக்குப் பக்கத்துல. நான் பின்னால நின்னு பாத்துக்கறேன். அது எனக்குத் தெரியும்.

வரலாம், வரலாம், வரலாம். இன்னும் ஒரு ஜாண் இருக்கு, வரலாம். லெஃப்டுல ஒடிச்சு, ம், ஒடிச்சு. போதும். நேர் பண்ணுங்க. போகலாம். அடுத்தது அந்த வெள்ளை. கதவுல கோடு இருக்கு பாருங்க, அது பழசு, நீங்க பண்ணது இல்ல. வரலாம், வரலாம்.

பாருங்க, முழுசாப் பன்னண்டு நிமிஷம். பத்து நிமிஷம்னு அவ சொன்னா, அவளுக்குப் பழக்கம்.

அந்த ரெண்டு சாவியையும் இப்படிக் குடுங்க, அவங்க வந்து உள்ள விட்டுக்கட்டும். இப்ப நம்ம வண்டி. சீட்டைத் தள்ளிக்காதீங்கன்னு சொல்ல முடியாது, உங்களுக்குக் கால் நீளம். கொண்டு போய்க் குடுக்கும்போது பழையபடி இழுத்து வச்சுடுங்க. சீட்டுக்கு அடியில இருக்கிற கம்பியில ஏழாவது பல் வரைக்கும் இழுக்கணும், எண்ணி வச்சிருக்கேன். ஆர்.சி. புக் டேஷ்போர்டுல இருக்கு.

இருங்க, ஒரு நிமிஷம். இதையும் வாங்கிக்குங்க. ரெண்டாவது சாவி. மூணும் வாங்கிட்டு வரச் சொன்னா இல்ல, மூணும் குடுத்துடணும். அது அவ வண்டி. பலகையில அந்த ஆணிக்குக் கீழ செயலாளர்னு எழுதி வச்சிருந்தேன், பாத்தீங்களா? அவ பேரைக் கூட எழுதல. ஏழு மாசமா தினம் பாக்கறேன், இப்பதான் கண்ணுல படுது.

அப்புறம் ஒண்ணு. அப்படி ஒரு பதிவே கிடையாதுன்னு உங்ககிட்ட சொன்னேன் இல்ல. பொய். ஒண்ணு உண்டு. டிப்போவுல ஒரே ஒரு வகை வண்டிக்கு அப்படிப் போடுவோம். கிளம்புன நேரம் எழுதிட்டு, திரும்புற கட்டத்துல கோடு. வேற டிப்போவுக்கு மாத்திவிட்ட வண்டி. அவளுக்கு முறை தெரியும் டிரைவர். கல்யாணம் ஆன புதுசுல ராத்திரி சாப்பாடு கொண்டு வந்து குடுத்துட்டு என் பக்கத்துல உக்காந்து ரெஜிஸ்டரைப் பாப்பா. இது என்ன, அது என்னன்னு கேப்பா. நான்தான் சொல்லிக் குடுத்தேன்.

போங்க, இருட்டறதுக்குள்ள பைபாஸ் ஏறிடுங்க. அவகிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம். சாவியை அவரே எடுத்துக் குடுத்தாருன்னு மட்டும் சொல்லுங்க, பாஸ்கரனைக் கேக்கலன்னு சொல்லுங்க. நம்ப மாட்டா. எத்தனை மணிக்குன்னு கேப்பா. அஞ்சு இருபத்தெட்டு. ஏழரை இல்ல, அஞ்சு இருபத்தெட்டுன்னு சொல்லுங்க. சாதம் மிஞ்சிப்போச்சுன்னு டப்பாவை அப்படியே கொண்டு போய்க் குடுங்க, அப்ப நம்புவா.

இதோ எழுதிட்டேன். செவப்பு வண்டி, கிளம்பிய நேரம் அஞ்சு இருபத்தெட்டு. ஓட்டுனர் மோசஸ். திரும்பும் நேரம்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல என்ன போட? உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா?

சொல்லலையா. சரி.

அவ பேருக்கு நேரா அவ போட்ட கோடு இருக்கு, அதை நான் தொடல. வண்டிக்கு நான் கோடு போட மாட்டேன். காலியா விடறேன். நீங்க கிளம்புங்க டிரைவர், நேராப் போகலாம், தெரு காலியா இருக்கு. நான் இங்கதான் இருப்பேன். கட்டம் காலியா இருந்தா டைம்கீப்பர் எந்திரிக்கக் கூடாது.